ஒரு வடிவான டின்னும் பதினொரு அவலட்சண டின்களும்

போன மாதம் வெள்ளவத்தையில், சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் படிக்கிற நீங்கள் வைத்த கண்காட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். மூன்று மேசை நிறையப் பொருள்கள். துணியில் தைத்த புத்தகம், மட்டையில் செய்த வீடு, வர்ணம் பூசிய பொத்தான் பலகை. ஒவ்வொன்றுக்கும் மேலே கண்ணாடித் தாள், கீழே செய்தவரின் பெயர். எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு "வடிவாயிருக்கு" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அந்தப் பொருள்களில் ஒன்றை, இரண்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிற அறைக்குள் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கொண்டு போயிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்தவள் நான். முதலில் கொட்டாஞ்சேனையில், பிறகு வெள்ளவத்தையில் கடல் பக்கமாய் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருந்த பகல் பராமரிப்பு நிலையத்தில். ஒன்றரை வயதில் இருந்து மூன்று வயது வரைக்குமான அறை என்னுடையது. பெரிய பிள்ளைகளின் அறையைத் தர எத்தனையோ தரம் பார்த்தார்கள், நான் மாட்டேன் என்று விட்டேன். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. வாய் இன்னும் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் முதல் வருஷம் நான் செய்த கூத்து ஒன்று. பிள்ளைகளுக்கு மா பிசைந்து விளையாடக் கொடுத்தேன். நிறத்துக்கு மஞ்சள் போட்டேன், நல்ல தாராளமாக. அன்று பின்னேரம் கோயில் திருவிழா என்பதால் பாதிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார்கள். அது என் கண்ணில் படவே இல்லை. மாவின் நிறம்தான் பட்டது. நாலு அம்மாமார் வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. விளையாட்டைத் தெரிவு செய்ய முதல் பிள்ளை என்ன உடுத்திருக்கிறது என்று பாருங்கள். இது சின்னப் பாடம், ஒரு நாளில் படித்துவிட்டேன். மற்றதைப் படிக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் எடுத்தது. அதற்கு ஒரு பிள்ளை கடிக்க வேண்டியும் இருந்தது.

உங்களைப் போல டிப்ளோமா படித்த காலத்தில் நானும் கண்காட்சிக்கு ஒரு டின் செய்தேன். பெரிய பிஸ்கட் டின். வெளியே நீலப் பட்டுத் துணி ஒட்டி, ஓரத்தில் ஜிகினா வைத்து, மூடியில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று மூன்று துவாரம் வெட்டினேன். உள்ளே போடுகிற கட்டைகளைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தச்சரிடம் கொடுத்துச் சீவி, மினுக்கி எடுத்தேன். கண்காட்சியில் முதலிடம் அதற்குத்தான். உங்கள் மேசைகளில் இருந்த எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது, கோபிக்க வேண்டாம். அது வருஷக்கணக்காக எங்கள் நிலையத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. யாராவது பார்வையிட வந்தால் மட்டும் வெளியே வரும்.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. எங்கள் நிலையத்தை நடத்திய மேடம் பெற்றோருக்கு ஒரு குரூப் தொடங்கினா. தினமும் பிள்ளைகள் விளையாடுகிற படம் ஒன்று போட வேண்டும் என்றா. என்னுடைய டின் படத்தில் அவ்வளவு எடுப்பாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு டின்னை நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, "ஆளுக்கொரு தரம், பகிர்ந்து விளையாடுவம்" என்று பாட்டாகவே பாடுவேன். படம் போகும். அம்மாமார் இதயம் இதயமாக அனுப்புவார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் தெஹிவளையில் இருந்து யுஸ்ரா வந்து சேர்ந்தாள். இரண்டரை வயது. சுருட்டை முடி, உருண்டைக் கன்னம், நல்ல வரிசையான பல். அந்தப் பல்லால் அவள் வந்த இரண்டாம் கிழமை கவினின் தோளில் கடித்தாள். மறுநாள் இன்னொரு பிள்ளையின் கையில். பிறகு திரும்பவும் கவின். மூன்று கிழமைக்குள் ஏழு தரம்.

கவினின் அப்பா காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்து ஆள், பிள்ளை என்றால் உயிர். மூன்றாம் தரம் கடி வாங்கிய அன்று அவர் மகனின் தோளைப் படம் எடுத்து, பல் அடையாளம் தெளிவாகத் தெரிய, குரூப்பிலேயே போட்டுவிட்டார். என் டின்னின் படத்துக்கு நேர் கீழே அது வந்தது. அடுத்த திங்கள் நாலு பெற்றோர் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று மேடத்தின் மேசையில். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் வைக்க வேண்டும், அந்தப் பிள்ளையை நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள்.

மேடம் நல்ல மனுஷி. ஆனால் நாலு பிள்ளைகள் போனால் அந்த அறையை நடத்த முடியாது என்று எனக்குச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு வழி சொல்லுங்கோ, இல்லாட்டி நான் அந்தத் தாய்க்குச் சொல்லத்தான் வேணும்" என்றா.

அன்று பின்னேரம் யுஸ்ராவின் உம்மா வாசல் படலையில் என்னைப் பிடித்தாள். பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. கணவர் கட்டாரில். சின்ன வயசு, முகத்தில் நித்திரை இல்லை.

"டீச்சர், அந்தப் படத்த பஸ்ஸுல வெச்சிப் பாத்தேன். என்ட புள்ளட பல்லு எனக்குத் தெரியும்தானே."

நான் ஏதோ சமாதானமாகச் சொல்லப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

"வேற எடம் ரெண்டு விசாரிச்சேன். கடிக்கிற புள்ளைன்டா எடுக்க மாட்டாங்களாம். எங்கட ஆக்கள் எல்லாம் ஊர்ல. வெள்ளிக்கிழம நீங்க வேணான்டு சொன்னா, சனிக்கிழம நான் வேலைய விடணும். புள்ளய வயித்துல வெச்சிக்கிட்டுத்தான் டீச்சர் நான் இந்த வேலைக்கான சோதன எழுதின. வேற யாரும் எனக்கு எடுத்துத் தந்த வேலை இல்ல அது."

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பகிர்ந்து விளையாட வீட்டிலயும் கொஞ்சம் பழக்குங்கோ" என்றேன்.

"வீட்டுல நானும் அவளும் மட்டும்தானே, யாரோட பகிர்ற?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்.

என் கண்ணைத் திறந்தது எங்கள் அறையில் உதவிக்கு இருந்த சிங்கள அக்கா. படிப்பென்று பெரிதாக இல்லை. தமிழ் பாதி, சிங்களம் பாதி கலந்து பேசுவா. செவ்வாய்க்கிழமை நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஈரத் துணியைப் பிழிந்தபடி சொன்னா: "மிஸ், தண்ணி வெளையாட்டுல அந்தப் பேபி கடிக்கிறது இல்லயே."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு நாளும் இல்ல மிஸ். நான்தானே தண்ணி தொடைக்கிறது. நான் பாக்குறேன்."

தண்ணீர் விளையாட்டென்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பேசினில் தண்ணீர், ஆளுக்கொரு யோகட் கப். மொண்டு ஊற்றுவார்கள், அவ்வளவுதான். பார்க்க ஒரு வடிவும் இல்லை என்பதால் நான் அதைப் படம் எடுத்ததே கிடையாது.

எழுந்து போய் விபத்துக் கொப்பியை எடுத்தேன். பிள்ளை விழுந்தாலோ கடிபட்டாலோ நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும், உங்களுக்கும் அந்த வேலை இருக்கிறது. ஏழு கடியும் என் கையெழுத்தில். பத்து ஐந்து. பத்தேகால். பத்து இருபது. எல்லாமே பத்துக்கும் பத்தரைக்கும் இடையில். யுஸ்ரா காலை எட்டுக்கு வந்து பின்னேரம் ஐந்தரைக்குப் போகிற பிள்ளை. மிச்ச நேரம் முழுக்க அவளுக்குப் பல்லும் இருந்தது, கவினுக்குத் தோளும் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு என் டின் வரும். பத்துப் பிள்ளைகள், ஒரு டின். பாஸ்போட் எடுக்க வரிசையில் நிற்கும் பெரிய மனுஷர்களே அரை மணித்தியாலத்தில் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் "உன் முறை வரும், பொறு" என்று நான் பாடிக்கொண்டிருந்தேன். "என் முறை" என்று சொல்ல வாயில் சொல் வராத பிள்ளை. வாயில் இருந்தது பல் மட்டும்தான்.

கொப்பியை மூடினேன். கடித்தது யுஸ்ரா, கடிக்க வைத்தது நான். முதலிடம் வாங்கிய கையால்.

மேடத்திடம் போய் டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். படமும் இனி வேண்டாம் என்றேன்.

"இந்தக் கிழமையா? பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிற கிழமையில படத்தை நிற்பாட்டச் சொல்றீங்களா?"

"ஓம், இந்தக் கிழமைதான்" என்றேன். வேலைக்கு வந்த நாளில் இருந்து நான் அவவோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

புதன்கிழமை நானும் அக்காவும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பால்மா டின் தேடினோம். சந்தியில் இருந்த சைவக்கடையில் ஆறு கிடைத்தது. பக்கத்து ஃபிளாட்டில் மூன்று. மிச்சம் இரண்டு அக்காவின் வீட்டில் அரிசியும் சீனியும் இருந்த டின்கள், கொட்டிவிட்டுக் கொண்டு வந்தா. பிளாஸ்டிக் மூடியில் ஒரு கோடாகத் துவாரம் வெட்டினேன். டின்னின் விளிம்பில் கை வெட்டாமல் டேப் சுற்றினேன். உள்ளே போடுவதற்கு ஜாம் போத்தல் மூடிகள், பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவாகப் பார்த்து எடுத்தவை. வர்ணம் இல்லை, துணி இல்லை. இரண்டு டின்னில் துருவே பிடித்திருந்தது, உரஞ்சித் தேய்த்து டேப்பால் மூடினோம். பத்துப் பிள்ளைகளுக்குப் பதினொரு டின். ஏன் ஒன்று கூட என்றால், எப்படியும் ஒரு பிள்ளை தன்னுடையதை விட்டுவிட்டு மற்றப் பிள்ளையுடையதைத்தான் கேட்கும். கேட்கிற நேரம் அதன் கையில் கொடுக்க உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதினொன்றையும் நிலத்தில் பரப்பி வைத்தேன். பாட்டுப் பாடவில்லை, பகிரச் சொல்லவில்லை. ஒரு மூடியை எடுத்து ஒரு துவாரத்தில் போட்டேன். டொக் என்றது. பிறகு கேட்க வேண்டுமா. பத்துப் பேரும் போடுகிறார்கள், கொட்டுகிறார்கள், திரும்பப் போடுகிறார்கள். மேல் மாடிக்காரர் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். கடற்கரை ரயில் போனபோதும் ஒரு பிள்ளை யன்னலுக்கு ஓடவில்லை. யுஸ்ரா கவினுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட இருந்தாள். பத்தரை ஆனது, பதினொன்றானது. நானும் அக்காவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவ சிரித்த சிரிப்பில் நான்தான் அழுதுவிட்டேன்.

ஆனால் ஒரு நாள் கடிக்காததைக் காட்டி நாலு பெற்றோரை வெல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கவினுக்கு மூன்றாவது பிறந்தநாள். கூட்டம் நாலுக்கு. மூன்று மணிக்கே அவன் அப்பா கேக்கோடு வந்துவிட்டார், இன்னும் மூன்று பெற்றோரும் வந்தார்கள். யுஸ்ராவின் உம்மா அரை நாள் லீவு போட்டு வந்து கதவோரம் நின்றாள், ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. கேக் வெட்டி முடிய, கவினின் அப்பா வெளியே போய் ஒரு பெரிய சிவப்புக் கார் கொண்டு வந்தார். லைட் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது. அறையின் நடுவில் வைத்தார்.

நான் அந்த இடத்திலேயே தடுத்திருக்க வேண்டும். ஒரு கார், பத்துப் பிள்ளைகள், அதன் அர்த்தம் எனக்கு அப்போது வடிவாகத் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு முதல் அந்த மனுஷரோடு முட்டுப்பட எனக்குத் தைரியம் வரவில்லை. பயந்தேன். பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இதில் படித்துக்கொள்ளுங்கள்.

யுஸ்ரா போய்க் காரின் சில்லைத் தொட்டாள். கவின் அவளைப் பார்த்தான், காரைப் பார்த்தான். குனிந்து அவளுடைய கையில் நல்லாக ஒரு கடி கடித்தான்.

பெரியவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். யுஸ்ரா வாயைத் திறந்தாள். நான் இரண்டு எட்டு தள்ளி நிற்கிறேன். கவினின் காது அவள் வாய்க்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்தக் கிழமை நாங்கள் பட்ட பாடெல்லாம் அந்த வாயில்தான் நின்றது.

"டீச்சர்" என்று கத்தினாள். கத்திக்கொண்டே கையை நீட்டியபடி என்னிடம் ஓடி வந்தாள்.

நான் அவளைத் தூக்கிக் கையைக் கழுவினேன், அக்கா ஐஸ் கொண்டு வந்தா. திரும்பிப் பார்க்க, கவினின் அப்பா மகனின் முன்னால் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். முகம் காரை விடச் சிவப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாக்கு நுனி வரைக்கும் ஒரு வசனமும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் நான் வென்றிருப்பேன், அந்தப் பிள்ளைகள் இருவரும் தோற்றிருப்பார்கள். விழுங்கிக்கொண்டேன்.

"அடிக்காதேங்கோ" என்றேன். "அவனில ஒரு பிழையும் இல்ல. காரைத் தூக்கி வெளியில வையுங்கோ."

"என்ன டீச்சர் கதைக்கிறியள், கடிச்சுப் போட்டானே."

"ஒரு கார், பத்துப் பிள்ளை. அவன்ட இடத்தில நானெண்டாலும் கடிச்சிருப்பன்." பிறகு விபத்துக் கொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "யுஸ்ரா கடிச்ச நேரங்களைப் பாருங்கோ. ஒவ்வொரு தரமும் நான் இதே மாதிரி ஒரு சாமானை நடுவில கொண்டு வந்து வைச்ச நேரம். இப்ப உங்கட மகனுக்குச் சொன்னதை மூண்டு கிழமைக்கு முதல் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேணும். பிழை என்னில."

அவர் காரை வெளியே வைத்தார். நான் பதினொரு டின்னையும் இறக்கினேன். கண்ணீரோடு கவினும், ஐஸ் துணி கட்டிய கையோடு யுஸ்ராவும் அடுத்தடுத்து இருந்து மூடி போடத் தொடங்கினார்கள். அவர் நின்றபடியே கொப்பியைப் புரட்டினார், பிள்ளைகளைப் பார்த்தார், திரும்பவும் புரட்டினார். மற்ற மூன்று பெற்றோரும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் அங்கேயே நடந்து முடிந்தது, நாலு மணி ஆகக்கூட இல்லை.

கடைசியில் அவர் கதவோரம் போனார். "தங்கச்சி, அந்தப் படம் போட்டதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பிள்ளையின்ட கைக்கு என்ன செய்ய வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

யுஸ்ராவின் உம்மா மகளின் கையைத் தூக்கி, தாய் பார்க்கிற மாதிரி அல்ல, பல் வைத்தியரின் ஆள் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நேரா விழுந்தீக்கி. உங்கட மகனுக்கு நல்ல பல்லு. எங்கட டொக்டர்ட்ட கூட்டிட்டு வரத் தேவையில்ல" என்றாள். முதலில் சிரித்தது மேடம். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். குரூப்பில் இருந்த படத்தை அவள் முன்னாலேயே அழித்தார். மேடத்தின் மேசையில் இருந்த கடிதத்தை அவரே கேட்டு வாங்கி, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு யுஸ்ரா ஒருவரையும் கடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. இன்னும் ஒரு தரம் கடித்தாள், என்னை. அன்று அவளுக்குக் காய்ச்சல். கவினின் அப்பா கடையில் துணி சுற்றி வருகிற மட்டைக் குழாய்களைத் தானே அறுத்து, மூட்டையாகக் கொண்டு வந்து தந்தார். அதற்குள் பந்து விட்டு விளையாடியே எங்கள் அறையில் இரண்டு வருஷம் ஓடியது. பெரிய பிள்ளைகளின் அறையிலும் கேட்டு வாங்கினார்கள்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் கண்காட்சிப் பொருள்களை வீட்டில் வையுங்கள், விருந்தாளிகளுக்குக் காட்டுங்கள். அறைக்குள் கொண்டு போவதென்றால் கைக்கு ஒன்றாக, குப்பையில் இருந்து எடுத்தாலும் பரவாயில்லை, போதுமான அளவு கொண்டு போங்கள். பிள்ளை ஏதாவது செய்துவிட்டால் அதன் முகத்தைப் பார்க்க முதல், அதற்குச் சற்று முன் உங்கள் கை என்ன செய்தது என்று பாருங்கள். பிழை உங்களுடையதாக இருந்தால் எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள். ஒன்றும் குறையாது, நான் சொல்லிப் பார்த்தவள்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த திங்கள் காலை யுஸ்ராவின் உம்மா வேலை உடுப்போடு வந்தாள். வேலைக்குப் போகிற அம்மாமார் பிள்ளையைத் தந்துவிட்டுப் படலை வரைக்கும் நாலு தரமாவது திரும்பிப் பார்ப்பார்கள், அது உங்களுக்கும் தெரியும். அவள் மகளை என் கையில் தந்தாள், "டீச்சர், பஸ் போயிரும்" என்றாள், படலையைச் சாத்திவிட்டுக் காலி வீதியைப் பார்த்து ஓடினாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.